வெறும் வயிறு என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் பெருங்காயம் வாங்குவதை நிறுத்தி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள், அது பெரும்பாலும் கோதுமை மாவு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். கல்மண்டபத்து மளிகைக் கடைக்காரரிடம் மூன்று நாள் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டேன். பன், பிஸ்கட், சேமியா, ரவை, சில கம்பெனி மசாலாப் பொடி, சில மிட்டாய் என்று கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் எனத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போகும் தப்பைத் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம்.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். என் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. சுனாமி வந்ததற்கு முந்தின வருடம், அவளுக்கு எட்டு வயது நடந்தபோது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "நீங்க பட்டதை அப்படியே எழுதிக் குடுங்கம்மா, மத்த அம்மாங்க படிக்கட்டும்" என்று எங்கள் டாக்டர் கேட்டார். அவர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதுதான் கை வருகிறது.

ஆறு வயதில்தான் ஜெனியின் நோய்க்குப் பெயர் கிடைத்தது. டீயில் ரொட்டி நனைத்துத் தின்றாள். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, கண் மூடிக்கொண்டது, மூச்சு இழுத்தது. பொது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு வாரமும் ஒவ்வாமைப் பிரிவின் மர பெஞ்சில் காத்திருப்பு. அங்கே காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினால் பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை. எல்லாத் தாய்மாரும் அடுத்த பிள்ளையின் கையில் என்ன தின்பண்டம் இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கேதான் டாக்டர் வசந்தி அறிமுகம். முப்பது வயதுகூட இருக்காது. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சோதனைக்கு ஒரு குழாய், ஆராய்ச்சிக்கு இன்னொரு குழாய் ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எதற்கு என்று அந்தோணி கேட்டார். படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்வதைப் போலவே பொறுமையாகச் சொன்னார் அந்தப் பெண்.

"ரத்தத்துல வெள்ளணு இருக்கு சார். கிருமி வந்தா சண்டை போடறது அதுதான். அதுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. ஒரு அணு இன்னொண்ணுக்குச் சேதி சொல்லணும்னா ஒரு புரதத்தை வெளியே விடும். அதுக்கு சைட்டோகைன்னு பேரு. 'எதிரி வந்துட்டான், தயாராகு'ன்னு சொல்ற புரதம் உண்டு. 'போதும், அடங்கு'ன்னு சொல்ற புரதமும் உண்டு. ஜெனி உடம்புல கோதுமை நுழைஞ்சா முதல் சேதி பலமா போகுது. அடங்குங்கற சேதி சரியா போகலைன்னு நினைக்கிறோம்."

அந்தோணி கொஞ்சம் யோசித்தார். "எண்ணூர் பக்கம் கம்பெனில கேஸ் லீக்கான்னா சங்கு ஊதுவானே, அத்த மாதிரியா டாக்டரம்மா?"

"அதே மாதிரிதான்."

"அப்போ இவ ஒடம்புல லீக்கே ஆவாம சும்மானாச்சும் சங்கு ஊதிக்கினு கீது. கேட்டவன்லாம் கண்ணுமண்ணு தெரியாம ஓடறான். ஓடறவங்க கால்ல மிதிபட்டுத்தான் கொயந்த கஷ்டப்படுது."

டாக்டர் சிரித்துவிட்டார். இவ்வளவு நன்றாகத் தன் பேராசிரியருக்கே சொல்ல வராது என்றார். வளர வளர எந்தப் பிள்ளைக்கு இது தானாகச் சரியாகும், எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று இந்தப் புரதங்களை அளந்தால் தெரியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. உறுதியாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கோதுமை எங்கள் வாசற்படி ஏறவில்லை. தெருவில் பிறந்தநாள் கேக் வெட்டினால் ஜெனியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். "ஸ்டெல்லா டீச்சர் வந்தா பிஸ்கட்டை ஒளிச்சு வை" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிண்டல் செய்யும். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் ஜெனிக்குப் புதுநன்மை. எங்கள் சபையில் பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பத்தை வாங்குவதை அப்படித்தான் சொல்வோம். ஆறு மாதம் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. கடைசி வாரம் ஒத்திகை. ஒத்திகையில் மந்திரிக்காத, காசளவு மெல்லிய அப்பத்தை நாக்கில் வைத்து, எப்படி வாங்க வேண்டும், எப்படிக் கடிக்காமல் விழுங்க வேண்டும் என்று பழக்குவார்கள். நான் வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன்: "ஜெனிக்கு மட்டும் அதைக் கொடுத்துடாதீங்க, அது கோதுமை." அவர் ஒரு துண்டு வெற்றுக் காகிதத்தை நாக்கில் வைத்துப் பழக்கினார்.

அந்த அப்பம் எதில் செய்வது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சிறு வயதில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தவள் நான். கோதுமை மாவைக் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றிச் சுட்டு வட்டம் வட்டமாக வெட்டி எடுப்போம். வெட்டியது போக மிஞ்சும் ஓரங்களைத் தின்பதற்கு அடித்துக்கொள்வோம்.

ஒத்திகைக்குக் கூடாது என்று தடுத்தவள், நிஜமான பூசைக்கு ஏன் தடுக்கவில்லை? கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இது புரிவது கஷ்டம். எழுந்தேற்றம் ஆன பிறகு, குருவானவர் அதைத் தூக்கிக் காட்டிய பிறகு, அது அப்பம் இல்லை. ஆண்டவருடைய உடல். எனக்கு இது பாடப்புத்தக வரி இல்லை. மகளுடைய வெள்ளை கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நொடி நினைப்பு வந்தது, கோயில் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று. கேட்டால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று தோன்றியது. நினைப்பை உதறிவிட்டு கைப்பகுதிச் சுருக்கத்தைத் தேய்த்தேன்.

புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஞாயிறு ஜெனி பசியோடுதான் வரிசையில் நின்றாள். வாங்கினாள். கைகூப்பிக்கொண்டு இடத்துக்கு வந்து முட்டி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வேண்டினாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். இருமினாள். பூசை முடிந்து படம் எடுக்கப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியபோது உதடு தடித்திருந்தது. பையில் இருந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள். "ம்மா, தொண்ட அடைக்குதும்மா" என்றவள் அப்படியே என் மேல் சரிந்தாள்.

ஆட்டோவில் போகும்போது அவள் நகம் நீலமாகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாலத்து நெரிசலில் அந்தோணி இறங்கி முன்னால் ஓடி லாரிகளை ஒதுக்கச் சொல்லிக் கத்தினார்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். "அலர்ஜி ஏதாவது உண்டா?"

"கோதுமை."

"இன்னிக்கு என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடலை டாக்டர். வெறும் வயிறு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு வாய்கூட?"

"தண்ணிகூடக் குடிக்கலை."

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நற்கருணை வாங்குவதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து நான் வளரவில்லை. ஒன்றும் சாப்பிடாத பிள்ளை என்பதால் அவர் ஆஸ்துமா என்று முடிவு செய்தார். மூக்கில் மருந்துப் புகை விடும் கருவியை மாட்டினார்கள். கவுன் கழுத்தைக் கத்தரியால் வெட்டினார்கள். பதினைந்து நிமிடம் போயிருக்கும். ரத்த அழுத்தம் அளக்க முடியவில்லை என்று நர்ஸ் சத்தமாகச் சொன்னது கேட்டது. அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் வசந்தி அப்போதுதான் ஓடிவந்தார். ஒரு பார்வை பார்த்தார். "இது ஆஸ்துமா இல்லை, அட்ரினலின் எடுங்க" என்று தானே தொடையில் ஊசி போட்டார். அட்ரினலின் என்பது சுருங்கிப்போன மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்துபோன ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. சீக்கிரம் போட்டால் உயிர். தாமதமானால் சொல்ல முடியாது. அந்தப் பதினைந்து நிமிடம் என் வாயால் போனது.

மாலையில் மறுபடியும் வந்தது. இந்த மாதிரி ஒவ்வாமைக்கு இரண்டாவது அலை உண்டு என்பது எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெளிந்து பேசிக்கொண்டிருந்த பிள்ளை மறுபடி நீலமானாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள். கண்ணாடிக்கு வெளியே அந்தோணியும் நானும் நின்றோம். அவர் கோயிலுக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிற ஆள். அன்று என் ஜெபமாலையை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லத் தெரியாமல் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். என்ன காரணம் என்று தெரியாததால் எல்லாமே சந்தேகம். சாம்பிராணிப் புகையா, கவுனுக்குப் போட்ட கஞ்சியா, பூச்செண்டா, ஏதாவது பூச்சி கடித்ததா? ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டார்கள். காரணம் தெரியும்வரை அரிசிக் கஞ்சியும் உப்பும் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பால் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. மீன் இல்லாமல் ஒரு நாள்கூட இருந்தறியாத பிள்ளை. "ஒரே ஒரு வாய் கொழம்பு ம்மா" என்று கெஞ்சினாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடியைச் சேர்ந்த கலா என்கிற பெண், நிமோனியா வந்த மகனோடு இருந்தாள். ஜெனி பார்த்து ஏங்குவாள் என்று அவள் தன் பையனுக்கு வார்டில் வைத்து ஒரு நாளும் சோறு ஊட்டவில்லை. டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனை வராந்தாவுக்கு நடத்திப்போய் ஊட்டுவாள். "இன்னாத்துக்குக்கா கொயந்த எதிர்ல துன்னணும்" என்றாள். அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அந்த அன்பு தாங்கவில்லை.

ஏனென்றால் புதன்கிழமையே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒத்திகைக் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவுதான். கஞ்சி தொடையில் கொட்டியது.

அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இரண்டில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அது வெறும் மாவு. அல்லது, ஆண்டவரே என் மகளை அடித்தார். இரண்டையும் நினைக்க எனக்குத் தெம்பு இல்லை. இன்னொரு பக்கம் அந்தோணி எண்ணூர்ப் புகைதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டார். "இந்தக் காத்தே வேணாம் ஸ்டெல்லா. மாதவரம் பக்கம் வூடு பாக்கச் சொல்லிக்கீறேன். வேலைக்கு நான் சைக்கிள்ல வந்து போறேன்" என்றார். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் போகத் தயாராகிவிட்ட மனுஷனுக்கு "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வசந்தி என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். முதல் நாளே எடுத்த ரத்தத்தில் வெள்ளணுக்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் போட்டு, ஒரு குழியில் பால் புரதம், ஒன்றில் முட்டை, ஒன்றில் மீன், ஒன்றில் கோதுமை என்று சேர்த்துச் சில நாள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தாராம். எந்தப் பொருளைப் பார்த்து அணுக்கள் சங்கு ஊதுகின்றன என்று கண்டுபிடிக்க. இன்னொரு தட்டில் அந்தச் சேதிப் புரதத்தை அளந்திருந்தார். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புரதம். பால் குழியும் முட்டைக் குழியும் மீன் குழியும் தண்ணீர் நிறத்தில் இருந்தன. கோதுமைக் குழிகள் மட்டும் கெட்டி மஞ்சள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பார்த்ததைவிட இப்ப அதிகம். குறையும்னு எதிர்பார்த்தேன். குறையலை" என்றார். "இது ஆராய்ச்சிதான்மா. அன்னிக்கு அவ என்ன சாப்பிட்டான்னு இந்தத் தட்டு சொல்லாது. ஆனா வேற எதுக்கும் அவ அணுக்கள் அசையலை. எனக்கென்னவோ கோதுமை எங்கேயோ உள்ளே போயிருக்குன்னுதான் தோணுது. எங்க கோயில்ல பிரசாதம் குடுப்பாங்க. உங்க சர்ச்சுல அந்த மாதிரி எதுவும்?"

"எங்க சர்ச்சுல அதெல்லாம் கிடையாது டாக்டர்."

இது பொய். தெரிந்து, யோசித்து, கண்ணைப் பார்த்துச் சொன்ன பொய். அவர் தலையை ஆட்டிவிட்டு, திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றார். அப்படி அனுப்பினால் அவள் எதைத் தின்றாலும் பயந்து பயந்துதான் தின்ன வேண்டும். எல்லாம் எனக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரிகளில் கிடக்கிற சபைக்காரர்களுக்கு நன்மையை, அதாவது நற்கருணையை, எடுத்துக்கொண்டு வருவது எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம். அதை நான் மறந்தே போயிருந்தேன். காலை பத்து மணிக்கு, கழுத்தில் தொங்கும் சின்ன உலோகப் பெட்டியோடு வார்டுக்குள் வந்தார் சிஸ்டர் ரோஸ்லின். எங்கள் பங்குக் கன்னியாஸ்திரி. ஜெனிக்கு ஒத்திகை கொடுத்தது வேறு டீச்சர் என்பதால், அவளுக்குக் கோதுமை ஆகாது என்பது சிஸ்டருக்குத் தெரியாது. ஜெனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளே எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை வாங்கியவள். அடுத்தது எப்போது என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் ஜெபம் சொன்னார். அப்பத்தை எடுத்து உயர்த்தினார். "கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்" என்று ஜெனி நாக்கை நீட்டினாள்.

நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். அவசரத்தில் அவள் பின்மண்டை கட்டில் கம்பியில் இடித்தது. சிஸ்டர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன ஸ்டெல்லா இது?"

"அது கோதுமை, சிஸ்டர்."

சொல்லிவிட்டேன். இடி விழவில்லை. கலா தன் பையனைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். சிஸ்டர் அப்பத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே.

"சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். "கோதுமை ஆகாதவங்களுக்குத் திராட்சை இரசம் மட்டும் குடுப்பாங்க. அதுவும் முழு நன்மைதான். இதுல சந்தேகப்படறதுக்கு என்ன இருக்கு?"

ஒரு வார்த்தை. வாய் நிறையப் பேசுகிறவள் நான். மளிகைக் கடைக்காரரிடம் மூன்று நாள் பேசியவள்.

ஜெனி மண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "அன்னிக்குக் குடுக்கும்போதே அது கோதுமைன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

நான் எழுந்து டாக்டரைத் தேடிப் போனேன். அவர் திட்டவில்லை. அப்பம் எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்கு வாங்கினாள், எத்தனை நிமிடத்தில் சொறிந்தாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே ஜெனிக்கு மீன் குழம்பு கொடுக்கலாம் என்றார்கள். அந்தோணி வீட்டுக்கு ஓடிப்போய் அவரே வைத்துக் கொண்டுவந்தார். விஷயம் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "டீ குட்ச்சியா?" என்று கேட்டார். மாதவரம் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இந்த வருட ரத்தத்திலும் அந்த மஞ்சள் குறையவில்லை. குறைந்தாலும் குறையலாம், பார்ப்போம் என்கிறார் டாக்டர். ஜெனி நன்றாகப் படிக்கிறாள், ஓடுகிறாள். பூசையில் கடைசியாகப் போய்க் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு வாங்கிக்கொள்கிறாள். என்னோடு சண்டையும் கிடையாது, கோபமும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் நான் தட்டில் எதை வைத்தாலும், வெறும் சோறாகவே இருந்தாலும், முதலில் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். அவர் தலையசைத்த பிறகுதான் கை வைக்கிறாள்.